சோழவரத்தில் ஓடுதளம் தேடிய கதை

பிப்ரவரி 7, வெள்ளி: பெரம்பூர், நந்தம்பாக்கம்

ரயில் ஒன்றரை மணி நேரம் தாமதம். எழும்பூரில் இறங்கும்போது ஒன்பது தாண்டிவிட்டது. ஆட்டோக்காரர், "ஆப்ல இருநூறு காட்டும் சார், நமக்கு முந்நூறா குடுத்துடுங்க" என்றார். அவ்வளவு மரியாதையாகக் கேட்கிறவரிடம் எனக்குப் பேரம் பேச வராது.

வந்தது திங்கட்கிழமை மாதவரத்தில் நடக்கிற புதுமனைப் புகுவிழாவுக்கு. சித்தப்பா மகன் ஃபிளாட் வாங்கியிருக்கிறான். மூன்று நாள் முன்னாலேயே வந்து நிற்பதற்குக் காரணம் வேறு. எனக்கு ஊர் கயத்தாறு பக்கம். அங்கே இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் ஏரோட்ரோம். நான் சைக்கிள் பழகியது அதில்தான், முழங்காலில் தழும்பு இன்னும் இருக்கிறது. கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட கதையை வாத்தியார் ஒரு வாரம் நடத்துவார். ஏரோட்ரோமை எதற்குப் போட்டார்கள் என்று ஒரு வரி சொன்னதில்லை.

பிறகு நானாகப் படித்தபோதுதான் கயத்தாறுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு என்று தெரிந்தது. உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, அரக்கோணம், சென்னைக்கு வடக்கே சோழவரம். எல்லாம் ஒரே பயத்தில் பிறந்தவை. 1942 பிப்ரவரி 15 அன்று ஜப்பானிடம் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூன் போயிற்று, அந்தமான் போயிற்று. ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அடுத்தது மெட்ராஸ்தான் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். இந்தியா முழுக்க 200க்கும் மேற்பட்ட விமானத்தளங்களுக்குத் திட்டம் போட்டது அந்த வருடத்தில்தான்.

எங்கோ தோண்டிப் போட்டிருக்கிறார்கள் என்று ஆட்டோ சென்ட்ரல் வழியாகச் சுற்றியது. ரிப்பன் மாளிகையைத் தாண்டும்போது கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வண்டலூருக்குப் போவதற்கு முன் மிருகக்காட்சி சாலை இந்தப் பக்கம்தான் இருந்தது. 1942 ஏப்ரலில் ஊர் காலியானபோது, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கமும் புலியும் தெருவுக்கு வந்துவிடும் என்று மலபார் ஸ்பெஷல் போலீசை வைத்து அவற்றைச் சுட்டுவிட்டார்கள். அப்போது குண்டு விழவில்லை. ஜப்பான் விமானம் ஒன்று வந்து துறைமுகத்துப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது அதற்கு ஒன்றரை வருடம் கழித்து, 1943 அக்டோபரில். பெரிய சேதமும் இல்லை.

வீட்டில் சித்தி ஆப்பமும் வடகறியும் வைத்திருந்தார். வடகறிக்காகவே மெட்ராஸுக்கு வரலாம், எங்கள் பக்கம் யாருக்கும் அது வராது. சித்தப்பாவுக்கு 71 வயது. 1973இல் இங்கே வந்தவர், அம்பத்தூரில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சோழவரம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எலே, ரேஸ் பாக்கவா?"

"ரேஸ் இல்ல சித்தப்பா. யுத்த காலத்து ஏரோட்ரோம்."

"அதாம்லே. ரேஸ் நடந்த இடம்." அதோடு அவருக்கு விஷயம் முடிந்துவிட்டது. நாளை அவரும் வருவதாக முடிவாயிற்று. முழங்கால் வலியைப் பற்றிச் சித்தி சொன்னது எடுபடவில்லை.

மதியம் நான் மட்டும் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போனேன். மவுண்ட்-பூந்தமல்லி சாலை முழுக்க மெட்ரோ வேலை. தூசி, தகரத் தடுப்பு, ஹார்ன். கேட்டைத் தாண்டிப் பத்தடி போனால் புல்வெளி, வரிசையாகக் கற்கள். இரண்டாம் போரில் இறந்த 850க்கும் மேற்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். எல்லோரும் சென்னையில் செத்தவர்கள் இல்லை. தெற்கிலும் கிழக்கிலும் சிறிய ஊர்க் கல்லறைகளில் பராமரிக்க ஆளில்லாமல் கிடந்தவர்களைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்து, 1952இல் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார்கள்.

கல்லில் கழுகுச் சின்னம் இருந்தால் ராயல் ஏர் ஃபோர்ஸ், பிரிட்டிஷ் விமானப்படை. அந்தச் சின்னத்தைத் தேடித் தேடி நடந்தேன். வயது 21, 22, 23. முப்பதைத் தொட்டவர்கள் குறைவு. சிலருக்கு அம்மா அப்பா எழுதி அனுப்பிய ஒரு வரி அடியில் இருக்கிறது. தோட்டக்காரர் ஒருவர் வந்து, "சொந்தக்காரங்களா சார்?" என்று கேட்டார். முகத்தில் கேலி எதுவும் இல்லை, எல்லோரிடமும் கேட்பார் போலிருக்கிறது. இல்லை என்றேன். "தண்ணி வேணுமா?" என்று பாட்டிலை நீட்டினார்.

பிப்ரவரி 8, சனி: சோழவரம்

விடியற்காலையில் லேசான பனி. ஆறரைக்கெல்லாம் சித்தப்பா தொப்பி, தண்ணீர் பாட்டில், பையில் இரண்டு வாழைப்பழத்தோடு தயார். செங்குன்றம் வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று. செங்குன்றத்தில் இறங்கினால் மூக்கில் ஏறுவது நெல் வேகிற வாசனை. அரிசி ஆலைகளுக்குப் பேர் போன இடம். ஆந்திராவிலிருந்து வந்த நெல் லாரிகள் ஜி.என்.டி. சாலை ஓரத்தில் வரிசையாக நின்றன. இட்லி நாலு, வடை ஒன்று, காபி. ஆளுக்கு 75 ரூபாய். சாம்பாரில் முள்ளங்கி. குறை சொல்ல எதுவுமில்லை.

குறை அடுத்த பஸ்ஸில். சித்தப்பா, "எனக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்று சொல்லி இரண்டு ஸ்டாப்பிங் முன்னாலேயே இறக்கிவிட்டார். அவர் கடைசியாக வந்தது 1986இல். அப்போது இருந்த ஒரு புளியமரத்தை அடையாளம் வைத்திருந்தார். சாலை அகலமாகி, மரம் போய், அந்த இடத்தில் லாரி டயர்க் கடை. பக்கத்தில் சிமென்ட் குடோன். "இங்கதாம்லே இருந்துச்சு" என்று டயர்க் கடைக்காரரிடமே சொன்னார். அவர் பொறுமையாக, "இருந்திருக்கும்யா" என்றார்.

நடந்தோம். சோழவரம் ஏரிக்கரை வந்தது. தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் கொசஸ்தலை ஆற்றை மடக்கி இங்கே கொண்டுவந்து, இங்கிருந்து புழலுக்கு விட்டு, அப்புறம் மெட்ராஸ் குழாய்க்கு. 1860களில் ஆரம்பித்த ஏற்பாடு. எண்பது வருடம் கழித்து இதே பக்கத்துச் சமவெளியில் ஓடுதளம் போட்டார்கள். ஊரைவிட்டுத் தள்ளி, ஆனால் துறைமுகத்துக்கு எட்டும் தூரத்தில், மேடு பள்ளமில்லாத நிலம், ஓரத்திலேயே வடக்கே போகிற பெருஞ்சாலை. பட்டாளத்துக்காரன் கண்ணுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்.

கரையிலிருந்து இறங்கி உள்ளே போகிற பாதையில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் எதிர்ப்பட்டார். கையில் தொரட்டி, காதில் ப்ளூடூத்.

"பிளாட் பாக்க வந்தீங்களா சார்? அது அந்தப் பக்கம், கொடி நட்டிருக்கும்."

"இல்லண்ணே, பழைய ஏரோட்ரோம் இருக்கே..."

"ஷூட்டிங்கா?"

"இல்ல, சும்மா பாக்க."

அவர் எங்கள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்தார். "சும்மாவா? அங்க என்னா இருக்குது, முள்ளுதான் இருக்குது." சொல்லிவிட்டுக் கூடவே வந்தார். ரொம்பத் தூரம் உள்ளே போகவேண்டாம், யாராவது பார்த்தால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள் என்றும் சொல்லிவைத்தார். சரி என்றோம்.

சீமைக் கருவேலம். கண்ணுக்கு எட்டிய மட்டும் அதுதான். கைப்பேசியில் மேலிருந்து எடுத்த படத்தைத் திறந்தால் கோடு தெரிகிறது. தரையில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் அப்படியே சுற்றினோம். பிறகு காலடியில் சத்தம் மாறியது. மண்ணில் நடக்கிற சத்தம் இல்லை. குனிந்து கையால் மணலைத் தள்ளினேன். கெட்டியான தளம், கருங்கல் ஜல்லி தெரிகிற மாதிரி தேய்ந்தது, நடுவில் வெடிப்பு, வெடிப்பில் புல். கயத்தாறில் என் முழங்காலைப் பதம் பார்த்ததும் இதே ஜல்லிதான். அந்த எரிச்சலை நான் மறக்கவில்லை.

"இது இல்லடே" என்றார் சித்தப்பா. "இது ஏதோ ஓரத்து ரோடு. மெயின் ரன்வே இதவிட நாலு மடங்கு அகலம். நாலு கார் சேந்தாப்பல வரும்."

"ரன்வேதான் ஐயா, எங்கப்பா சொல்லுவாரு" என்றார் ஆட்டுக்காரர்.

"உங்கப்பா ரேஸ் பாத்திருக்காரா?"

"பாக்கறதா? பட்டாணி வித்தாரு. ரேஸ் நாள்ல ஒரு மூட்டை போவுமாம்."

அதற்கப்புறம் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டார்கள். போர் முடிந்து விமானம் போனபின் சும்மா கிடந்த ஓடுதளத்தைக் கார்ப் பிரியர்கள் பிடித்துக்கொண்டார்கள். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இல் தொடங்கியது. பந்தயத்துக்கென்று தனியாக ஒரு தளம் கட்ட இங்கே யாரிடமும் காசு இல்லாத காலத்தில், வெள்ளைக்காரன் பயத்தில் போட்டுவிட்டுப் போன ஒரு நேர்கோடு ஓசியில் கிடைத்தது. வருடா வருடம் பிப்ரவரியில் ரேஸ். கோண்டல் மகாராஜா மாதிரி ஆட்கள் வெளிநாட்டு வண்டியோடு வருவார்கள். அதே தளத்தில் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் போட்டு மாற்றிக் கட்டிய உள்ளூர் மெக்கானிக்குகளும் ஓட்டுவார்கள். கார்ப் பந்தய வீரர் கோயம்புத்தூர் கரிவரதன் வளர்ந்தது இந்தத் தளத்தில்தான். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தளம் வந்த பிறகு இதன் கதை முடிந்தது.

சித்தப்பா பார்த்தது 1975 பிப்ரவரி. ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு ஒரு லாரியின் பின்னால் ஏறி வந்தாராம். "மூலைக்கு மூலை டிரம்மும் வைக்கோல் கட்டும் வச்சிருப்பான். சுவரு கிடையாது, ஒண்ணும் கிடையாது. யெஸ்டி பைக்காரன் ஒருத்தன் வைக்கோல்ல போய்ச் சொருகினான். எந்திரிச்சு வேட்டியத் தட்டுற மாதிரி பேண்ட்டத் தட்டிட்டு மறுபடி ஏறிட்டான்." கேஸ்ட்ரால் எண்ணெய் எரிகிற வாசனையைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார்.

நான் ஆட்டுக்காரரிடம் கேட்டேன். "யுத்த காலத்துல இங்க என்ன நடந்துச்சுன்னு உங்க தாத்தா எதாச்சும் சொல்லியிருக்காரா?"

கொஞ்சம் யோசித்தார். "ப்ளேன் இறங்குச்சுன்னு சொல்லுவாங்க."

அவ்வளவுதான். நான் குறிப்பு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன் என்பதை வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

திரும்பும்போது முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு குதிகாலில் ஏறியது. வார் வேறு அறுந்தது. ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் கைக்குட்டையுமாக மெயின் ரோட்டுக்கு வந்து சேர்ந்தேன். உள்சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓரமாக நடக்கப் போனேன். காவலுக்கு உட்கார்ந்திருந்த அம்மா, "மேலயே நடப்பா, கால் படட்டும், கிளறிவிட்ட மாதிரி இருக்கும்" என்றார். வெறுங்காலில் சூடான நெல். இன்றைக்கு உடம்புக்குச் சுகமாக நடந்தது அது ஒன்றுதான்.

செருப்புத் தைக்க 40 ரூபாய். டீ 15, மசால் வடை 10. மதியம் வெயில் பிப்ரவரி வெயில் மாதிரி இல்லை. பஸ்ஸில் சித்தப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். பக்கத்து சீட்டு அம்மா, "பிங்க் பஸ்ஸுல நாங்க ஃப்ரீயா போறோம், நீங்க காசு குடுத்தும் நிக்கிறீங்க பாரு" என்று முன்னால் நின்ற ஒரு இளைஞனைச் சீண்டிக்கொண்டே வந்தார்.

இரவு சித்தி ஊக்கைத் தணலில் காட்டி முள்ளை எடுத்தார். முழுதாக வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு: புழல், கடற்கரை இரண்டாவது லைன்

"புழலுக்குப் போறேன்" என்றதும் சித்தப்பா மகன், "எத்தன வருஷம்ணே?" என்றான். சிறை அங்கே வந்ததிலிருந்து இந்த ஊர்க்காரர்களுக்கு இது சலிக்காத நகைச்சுவை. சித்தப்பா இன்று வரவில்லை, முழங்காலில் தைலம்.

புழல் ஏரிதான் வெள்ளைக்காரன் எழுத்தில் ரெட் ஹில்ஸ் லேக். கொள்ளளவு 3,300 மில்லியன் கனஅடி. குடிநீர் ஏரி என்றுதான் நமக்குத் தெரியும். போரில் இது விமானத்தளம். தண்ணீரிலேயே இறங்கித் தண்ணீரிலிருந்தே ஏறுகிற காட்டலீனா விமானங்கள் இங்கே இருந்தன. ராயல் ஏர் ஃபோர்ஸின் 240ஆம் ஸ்குவாட்ரன் 1942இல் வந்து போர் முடியும்வரை தங்கியது. காட்டலீனா அமெரிக்கத் தயாரிப்பு. 104 அடி இறக்கை, இரண்டு எஞ்சின், வேகம் ஆமை வேகம். ஆனால் ஒரே மூச்சில் இருபது மணி நேரம் போகும். வங்காள விரிகுடா மேலே நீர்மூழ்கிகளைத் தேடிச் சுற்றும். கப்பல் மூழ்கித் தத்தளிப்பவர்களைத் தேடும். பர்மா, மலேயாக் கரைகளுக்கு இரவில் உளவாளிகளைக் கொண்டுபோய் விட்டுவர ஒரு தனிப்பிரிவே இருந்தது. கடல் அலை விமானத்தின் வயிற்றை உடைத்துவிடும், ஏரியில் அலை இல்லை. ஜல்லி வேண்டாம், தார் வேண்டாம், கூலியாள் வேண்டாம். தண்ணீர் மட்டும் போதும்.

அதனால்தான் இங்கே பார்க்கவும் ஒன்றுமில்லை. கரையில் ஏறி நின்றேன். காற்று நன்றாக இருந்தது. நீர்க்காகங்கள் தலையை முக்கி எடுத்தன. இரண்டு பையன்கள் தூண்டிலோடு நின்றார்கள், என்னைப் பார்த்ததும் தூண்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். நான் அதிகாரி இல்லை என்று புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. "இந்த ஏரியில ப்ளேன் இறங்கியிருக்கு தெரியுமா?" என்றேன். ஒருவன் தண்ணீரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "முழுகிடுச்சாண்ணா?" என்றான். சோழவரத்திலாவது ஒரு கை ஜல்லி கிடைத்தது.

அரக்கோணத்துக்கு மட்டும் இந்தக் கதி வரவில்லை. அங்கேயும் இதே போர்க்காலத் தளம்தான், 1992இல் கடற்படை எடுத்து ராஜாளி என்று பெயர் வைத்துக்கொண்டது. பக்கத்தில் போய் யாரும் நெல் காயப்போட முடியாது.

சாயங்காலம் சித்தப்பா மகனோடு பர்மா பஜார் பக்கம், இரண்டாவது லைன் பீச் தெருவில் பர்மா நூடுல்ஸான அத்தோ. தள்ளுவண்டியில் ஒருவர் கையாலேயே நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் என்று பிசைந்து தருகிறார். தொட்டுக்கொள்ளக் கிண்ணத்தில் வாழைத்தண்டு சூப். 80 ரூபாய். கூட ஒரு முட்டை மசாலா, அவித்த முட்டைக்கு நடுவில் வெங்காயத்தை அடைத்து வாயில் முழுதாகப் போடவேண்டும். போட்டேன், பேச முடியவில்லை.

வண்டிக்காரரின் தாத்தா பாட்டி 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர்கள். பாட்டி அதற்கு முன்பே ஒரு தடவை வந்திருக்கிறார், 1942இல், நடந்து. ஜப்பான்காரன் வந்ததும் லட்சக்கணக்கானவர்கள் காடு மலை வழியாக இந்தியாவுக்கு நடந்தார்களே, அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையாக. போர் முடிந்ததும் திரும்பிப் போய், மறுபடி விரட்டப்பட்டு வந்தவர். "ரெண்டு தடவ எல்லாத்தையும் விட்டுட்டு வந்த கை சார், அதான் பாட்டி செஞ்சா உப்பு கரெக்டா இருக்கும்" என்றார். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் அவர் சொன்னபோது சரியாகத்தான் இருந்தது. போரைத் தேடி இரண்டு நாள் முள்ளில் அலைந்தவனுக்கு அது தள்ளுவண்டியில் கிடைத்தது.

பிப்ரவரி 10, திங்கள்: மாதவரம்

நாலரை மணிக்கே எழுப்பிவிட்டார்கள். ஆறாவது மாடி. லிஃப்ட்டுக்கு இன்னும் மின்சாரம் வரவில்லை. பசுவை மேலே ஏற்ற முடியாததால் கீழேயே நிற்கவைத்துப் பூஜை செய்து, அதன் காலடி மண்ணை ஒரு தட்டில் மேலே கொண்டுபோனார்கள். ஐயர் அசரவில்லை, இப்படி எத்தனை பார்த்திருப்பாரோ. ஹோமப் புகையில் அலாரம் அடித்து, காவலாளி ஆறு மாடி ஏறி வந்து, காபி குடித்துவிட்டு இறங்கினார். என் குதிகால் படிக்கட்டில் ஒவ்வொரு படிக்கும் ஒரு செய்தி சொன்னது.

காலைப் பந்தி கார் நிறுத்தும் தளத்தில். இட்லி, பொங்கல், வடை, ரவா கேசரி, கடைசியில் பால் பாயசம். எனக்கு எதிரே சித்தப்பா. அவர் பக்கத்தில் பெண் வீட்டு வகையில் ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும். வண்ணாரப்பேட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருந்தவராம். சித்தப்பா சனிக்கிழமை போய்வந்த கதையை ஆரம்பித்தார். என் முள், என் செருப்பு எல்லாம் வந்தன, போர் வரவில்லை.

"மெயின் ரன்வே தெரியலையா?" என்றார் பெரியவர். "ஏரிப்பக்கம் பாத்த மாதிரி நின்னா வலது கைப்பக்கம்."

"இடது கை" என்றார் சித்தப்பா.

"நான் அங்க பதினொரு வருஷம் வண்டி கொண்டுபோனவன்பா. வண்டிய நிறுத்துற பிட் இந்தப் பக்கம். இதோ இப்படி வருவான்." பெரியவர் பாயசத்தில் விரலைத் தொட்டு இலையில் ஒரு நேர்கோடு இழுத்தார். முனையில் வடைத் துண்டு ஒன்றை வைத்தார். "இங்க வைக்கோல்."

"அந்த வைக்கோல்லதான் யெஸ்டிக்காரன் சொருகினான், எழுபத்தஞ்சுல" என்று சொல்லி, சித்தப்பா வடையை இலையின் மறு ஓரத்துக்கு நகர்த்தினார்.

"அங்க எப்படிய்யா இருக்கும்? அங்க ஜனம் நிக்கும்."

பரிமாறுகிறவர் வாளியோடு வந்து, இலையை எடுக்கலாமா என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டித் தடுத்தார்கள்.